வெயிலில் வண்டி மடக்குவது ஏன்?
பெட்ரோல் ஆவி அடைப்பும் தடுப்பு முறைகளும்

(வானொலியின் வேளாண் ஒலிபரப்பில் விவசாய விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



உரம், விதை, பூச்சி மருந்து பற்றிப் பேசுகிற ஆள் இன்றைக்கு வண்டி எஞ்சினைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. விளைந்த பொருள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது வருமானம். வழியில் வண்டி நின்றுபோனால் வாழைக்குலை கறுக்கும், மீன் கெடும், பால் திரியும். தேனீப் பெட்டி ஏற்றின வண்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இனயம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த தேனீ வளர்ப்பவர் ஒருவர் இருக்கிறார். கடற்கரைத் தென்னந்தோப்பில் பெட்டி வைத்திருப்பவர். நம் மாவட்டத்தில் தேனீ வளர்ப்பு நேற்று வந்த தொழில் அல்ல. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1937-லேயே தொடங்கிவிட்டது. தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து கொழுந்து விடும். அந்தக் கொழுந்தில், காம்பு மூன்று இலையாகப் பிரிகிற இடத்தில் தேன் சுரக்கும். அதற்காகக் கடற்கரைப் பெட்டிகளை எல்லாம் வண்டியில் ஏற்றிக் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் கொண்டுபோவது வழக்கம். சில பேர் வாரக்கணக்கில் வண்டியிலேயே படுத்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொள்வார்கள்.

நண்பரிடம் இருந்தது பழைய பெட்ரோல் வேன். கார்புரேட்டர் வண்டி. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். இரவில் தேனீ எல்லாம் கூட்டுக்குள் அடங்கின பிறகு வாசலை அடைத்து 18 பெட்டி ஏற்றினோம். விடியுமுன் கிளம்ப வேண்டியது. ஊரில் ஒரு துக்க வீடு. போகாமல் இருக்க முடியவில்லை. கிளம்பும்போது காலை ஒன்பது மணி. கருங்கல் தாண்டி மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் வண்டி அரை மணி நேரம் ஊர்ந்தது. அதைக் கடந்து குலசேகரம் ரோட்டில் ஏற ஆரம்பித்ததும், “ஒரு சாயா குடிச்சிட்டுப் போவோம், பத்து நிமிஷம்தானே” என்று சொன்னவன் நான்தான்.

சாயா குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. “சாரே, வண்டி அனங்க மாட்டேங்குது” என்றார் நண்பர். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் போட்டதில் பேட்டரியும் இறங்கிப்போனது. பக்கத்தில் நின்ற ஒரு பையன் உதவி செய்கிறேன் என்று கார்புரேட்டர் வாயில் நேராகப் பெட்ரோலை ஊற்றினான். வண்டியைத் தள்ளி கியர் போட்டதும் குபீரென்று தீ மேலே வந்தது. அவன் புருவமும் கை மயிரும் கருகினதோடு போயிற்று. கடவுள் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த நேரமெல்லாம் பெட்டிகள் மூடின வேனுக்குள் வெயிலில் இருந்தன. முதலில் பெரிய இரைச்சல் கேட்டது. நாங்கள் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு இரைச்சல் குறைந்தது. “அடங்கிட்டுது” என்று நண்பர் நிம்மதியாகச் சொன்னார். அது அடங்கினது அல்ல, ஐயா. சாயங்காலம் தோட்டத்தில் இறக்கித் திறந்து பார்த்தபோது ஆறு பெட்டியில் அடை தளர்ந்து விழுந்து, தேனில் நனைந்த தேனீக்கள் அடிப்பலகையில் குவியலாகக் கிடந்தன. நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பி.எஸ்.ஸி. படித்தவன். வண்டி ஏன் நின்றது என்று அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை. பின்னால் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறேன்.

வண்டியில் எந்தப் பாகமும் உடைந்திருக்கவில்லை. நடந்தது ஆவி அடைப்பு. மெக்கானிக்குகள் ‘வேப்பர் லாக்’ என்பார்கள்.

உங்களுக்குத் தெரிந்த கிணற்றுப் பம்புசெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபுட்வால்வு ஒழுகினாலோ, உறிஞ்சு குழாயில் காற்று புகுந்தாலோ மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. பம்பு தண்ணீரைத்தான் இழுக்கும். காற்றை வைத்துக்கொண்டு அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பழைய பெட்ரோல் வண்டியிலும் இதே சங்கதிதான். டாங்கி பின்பக்கம், கீழே இருக்கும். எஞ்சின் மேல் பொருத்தின சின்னப் பம்பு (ஏ.சி. பம்பு என்பார்கள்) அங்கிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குக் கொடுக்கும். அந்தக் குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் சூட்டில் கொதித்து ஆவியாகிவிட்டால், பம்பு அந்த ஆவியை அமுக்கும், விடும், அமுக்கும், விடும். பெட்ரோல் நகராது. திரவம் ஆவியானால் நூறு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். ஆகவே கொஞ்சம் கொதித்தாலே குழாய் அடைபட்டுப்போகும்.

தண்ணீர் கொதிக்க 100 டிகிரி சூடு வேண்டும். பெட்ரோல் அப்படி ஒரே பொருள் அல்ல. பல எண்ணெய்கள் சேர்ந்த கலவை. அதில் லேசான பகுதி 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கடைசிப் பகுதி ஆவியாக 200 டிகிரி வரை போகும். பங்குனி, சித்திரை வெயிலில் ஓடின எஞ்சினுக்குப் பக்கத்தில் 70, 80 டிகிரி சர்வசாதாரணம். அப்புறம் கேட்பானேன்?

இரண்டு விஷயங்களை முக்கியமாகக் கவனியுங்கள்.

ஒன்று, வண்டி ஓடும்போது நிற்பதைவிட, சூடாக நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போதுதான் இந்தக் கோளாறு அதிகம். ஓடும்போது விசிறி காற்று அடிக்கிறது, ரேடியேட்டரில் தண்ணீர் ஓடுகிறது, டாங்கியிலிருந்து புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. எஞ்சினை அணைத்ததும் மூன்றும் நின்றுபோகும். ஆனால் இரும்பில் இருக்கிற சூடு எங்கே போகும்? பக்கத்திலுள்ள பம்புக்கும் குழாய்க்கும் கார்புரேட்டருக்கும் ஏறும். அணைத்த பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் அவற்றில் சூடு கூடிக்கொண்டே போகும். நாங்கள் சாயா குடித்த நேரம் சரியாக அந்த நேரம்.

இரண்டு, உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிப்பு சீக்கிரம் வரும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி ஆகுமுன்பே கொதித்துவிடும். அதனால்தான் அங்கே திறந்த பானையில் அரிசி வேக நேரம் ஆகிறது. அதே மாதிரி, ஃபில்டர் அடைத்திருந்தால் பம்பு பலமாக உறிஞ்சும். பலமாக உறிஞ்சினால் குழாயில் அழுத்தம் இன்னும் குறையும். பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆகவே ஐம்பது, நூறு ரூபாய் ஃபில்டரை மாற்றாமல் விட்டதும் ஒரு காரணம் ஆகலாம்.

இப்போது விற்கிற பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 சதவீதம் எத்தனால் சேர்த்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் தனியாக 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலோடு சேர்ந்தால் இரண்டும் கூடி அதைவிடக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அதோடு, பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ், டயாப்ரம், வாஷர் எல்லாம் எத்தனாலுக்கென்று செய்தவை அல்ல. ஊறி, இறுகி, வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாகக் காற்றும் புகும், பெட்ரோலும் கசியும். எஞ்சின் மேல் பெட்ரோல் கசிவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா வண்டிக்கும் இந்தத் தொல்லை வராது. புது வண்டிகளில் பம்பு டாங்கிக்குள்ளேயே இருந்து, அதிக அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. தள்ளுகிற குழாயில் ஆவி எளிதில் உண்டாகாது. டீசல் வண்டியில் வருவது ‘ஏர் லாக்’, அதாவது காற்று அடைப்பு. அது சூட்டினால் வருவதல்ல. டீசல் தீர்ந்தாலோ குழாயில் காற்று புகுந்தாலோ வருவது. அதற்கு வைத்தியமும் வேறு. பழைய அம்பாசடர், பழைய பெட்ரோல் ஜீப், கார்புரேட்டர் வேன் வைத்திருப்பவர்கள்தான் இன்றைக்கு நான் சொல்வதைக் கேட்க வேண்டியவர்கள். அமெரிக்காவில் வீடு மாதிரி கட்டில், அடுப்பு எல்லாம் வைத்த பெரிய வண்டியில் ஊர் ஊராகப் போவார்கள். அதில் பழைய வண்டிகளுக்கும் இதே நோய்தான். எஞ்சின் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும்; டாங்கி வெகுதூரம் பின்னால் இருக்கும். துணி காயப்போடுகிற மரக் கிளிப்பைப் பெட்ரோல் குழாயில் வரிசையாக மாட்டி வைப்பார்களாம், சூட்டை இழுக்கும் என்று. மரம் சூட்டைக் கடத்தாது ஐயா. அதில் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

சரி, வராமல் தடுப்பது எப்படி? வரிசையாகச் சொல்கிறேன். பென்சிலும் தாளும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகக் கூடாது. ரேடியேட்டர் இடுக்கில் வைக்கோலும் பூச்சியும் அடைத்திருந்தால் பின்பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஃபேன் பெல்ட் தொய்ந்திருந்தால் இறுக்குங்கள். இக்னிஷன் டைமிங் பிந்தியிருந்தாலும் சூடு கூடும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெட்ரோல் குழாய் போகும் வழி. சைலன்சர் குழாயையோ மேனிஃபோல்டையோ தொட்டுக்கொண்டு போனால் அடுப்பு மேல் வைத்த மாதிரிதான். குறைந்தது நாலு விரல்கடை தள்ளிப் போக வேண்டும். இடம் இல்லையென்றால் நடுவில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். தகரம் குழாயையும் தொடக் கூடாது, சைலன்சரையும் தொடக் கூடாது. சூடு தாங்கும் உறையும் கடையில் கிடைக்கிறது.

மூன்றாவது, கார்புரேட்டருக்கு அடியிலும் பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையிலும் தடியான ஃபைபர் கட்டை இருக்கும். எஞ்சின் சூடு மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். எஞ்சின் வேலை செய்யும்போது அது உடைந்தால், மெல்லிய காகித பேக்கிங்கை வைத்து மூடிவிடுவதுண்டு. அப்படி விடாதீர்கள். அதே தடிமனில் கட்டை கேட்டு வாங்கிப் போடுங்கள். பம்பில் இதன் தடிமன் மாறினால் பம்பு வேலை செய்வதும் மாறிப்போகும்.

நான்காவது, ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றி, நல்ல கிளிப் போடுங்கள். நூலும் கம்பியும் கட்டுவது வேண்டாம். ஃபில்டரைக் காலாகாலத்தில் மாற்றுங்கள்.

ஐந்தாவது, டாங்கி மூடியில் காற்று போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். அது அடைத்திருந்தாலும் வண்டி இதே மாதிரி நிற்கும். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான் கோளாறு.

ஆறாவது, இத்தனையும் செய்தும் தீரவில்லையென்றால் இரண்டு வழி உண்டு. மூன்று மூக்குள்ள ஃபில்டரைப் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் வைத்து, ஒரு மூக்கிலிருந்து டாங்கிக்குத் திரும்புகிற சின்னக் குழாய் போடலாம். உண்டாகிற ஆவி டாங்கிக்குத் திரும்பிப் போய்விடும். இல்லையென்றால் டாங்கிப் பக்கத்தில் மின்சாரப் பம்பு வைத்து உறிஞ்சுவதைத் தள்ளுவதாக மாற்றலாம். கார்புரேட்டருக்கு ஏற்ற குறைந்த அழுத்தப் பம்பாக இருக்க வேண்டும். புது வண்டிப் பம்பைப் போட்டால் பெட்ரோல் பொங்கி வழியும். விபத்து நேர்ந்தால் பம்பு தானாக நிற்கிற சுவிட்சும் கட்டாயம் வேண்டும். இதெல்லாம் தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. நாமே கை வைக்க வேண்டாம்.

ஒரு தப்பான வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஊர்களில் வள்ளத்துக்கு வாங்கின மண்ணெண்ணெய் இருக்கும். “கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தா ஆவியாகாது, வண்டி நிக்காது” என்று சொல்பவர்கள் உண்டு. மண்ணெண்ணெய் 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் தட்டும், இன்னும் சூடாகும், எரியாத மண்ணெண்ணெய் இறங்கி எஞ்சின் ஆயிலைக் கெடுக்கும். வள்ளத்துக்கென்று மானியத்தில் தருவதை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம். வேண்டாம் ஐயா.

இனி, வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

வண்டியை நிழலில் ஓரம் கட்டுங்கள். ஏற்றமாக இருந்தால் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் போட்டுப் பேட்டரியைக் கொல்லாதீர்கள். பானெட்டை, சீட்டுக்கு அடியில் எஞ்சின் என்றால் சீட்டைத் தூக்கி வையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது.

துணியை நனைத்துப் பிழிந்து பம்பின் மேலும் பெட்ரோல் குழாயின் மேலும் சுற்றுங்கள். பழைய அம்பாசடர் டிரைவர்கள் ஈரத் துணியோடு போனது இதற்குத்தான். தண்ணீரை வாளியோடு கொட்டாதீர்கள். சூடான வார்ப்பு இரும்பு விரிசல் விடும், டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் அது தனித் தொல்லை. இருபது, முப்பது நிமிஷம் பொறுங்கள். பம்பில் கையால் அடிக்கிற நெம்பு இருந்தால் இருபது முப்பது தடவை அடியுங்கள், கார்புரேட்டர் நிறையும். பிறகு சோக் இழுக்காமல் ஸ்டார்ட் போடுங்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் போடுங்கள். விட்டு விட்டு அமுக்கக் கூடாது.

கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றவே ஊற்றாதீர்கள். வாயால் குழாயில் பெட்ரோலை உறிஞ்சாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து.

துணியால் பம்பைக் குளிர்வித்ததும் வண்டி கிளம்பினால், கோளாறு ஆவி அடைப்புதான் என்று உறுதி. அது கிளம்பாமல், எஞ்சின் முழுக்க ஆறின பிறகுதான் கிளம்புகிறது என்றால், இக்னிஷன் காயிலையும் கண்டென்சரையும் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் அவையும் மடக்கும்.

சின்ன எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற பம்புசெட், பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் கருவி இவற்றை வெயிலில் ஓட்டி, வெயிலிலேயே அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்ப எடுப்பது பாடு. நிழலில் வையுங்கள். சூடான எஞ்சினில் டாங்கி மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றாதீர்கள், ஆறவிட்டு ஊற்றுங்கள். வள்ளக்காரர்கள் பெட்ரோல் கேனைச் சாக்கு போட்டு நிழலில் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது கேன் மூடியின் காற்றுத் திருகைத் திறந்திருக்கிறோமா என்று பாருங்கள்.

கடைசியாக, தேனீ வளர்க்கும் நண்பர்களுக்கு. தேனீக் கூட்டில் புழு வளருகிற இடம் 34, 35 டிகிரியில்தான் இருக்கும். அடைபட்ட வண்டிக்குள் தேனீக்கள் சிறகடித்துக் காற்று வீசும். அப்படி வீசுவதிலேயே சூடு இன்னும் கூடும். தேன் மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் அதற்கு வெகு முன்பே இளகித் தேன் பாரம் தாங்காமல் அடை சரியும். ஆகவே ராத்திரியில் ஏற்றி, விடியுமுன் இறக்கிவிடுங்கள். ஏதோ காரணத்தால் நேரம் தப்பினால் அன்றைக்குப் பயணத்தை நிறுத்தி, பெட்டியை இறக்கி வாசலைத் திறந்துவிடுங்கள்; மறுநாள் இரவு போகலாம். பெட்டியின் மேல்பக்கம் பலகைக்குப் பதில் கம்பி வலை போடுங்கள். ஒரு கேன் தண்ணீரும் நாலு சாக்கும் வண்டியில் இருக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் ஒருவர் எஞ்சினைப் பார்க்கட்டும். ஒருவர் பெட்டிகளை நிழலில் இறக்கி நனைந்த சாக்கைப் போர்த்தட்டும். இரைச்சல் கேட்கிறவரை உயிர் இருக்கிறது. இரைச்சல் குறைகிறதென்றால் தாமதிக்க நேரமில்லை. ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து வாசலைத் திறந்துவிடுங்கள். கொஞ்சம் தேனீ போகும், கூட்டம் பிழைக்கும்.

நிறுத்தும்போதும் ஒரு சின்னப் பழக்கம் வேண்டும். ஏற்றம் ஏறி வந்த வண்டியை உடனே அணைக்காதீர்கள். இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, பிறகு அணைத்து, மூடியைத் தூக்கி வையுங்கள்.

என் நண்பர் அந்த வேனை விற்கவில்லை. ஹோஸ் மாற்றினார், ஃபைபர் கட்டை போட்டார், ஆவி திரும்புகிற குழாய் வைத்தார். மறு வருஷம் மாசியில் விடியற்காலை மூன்று மணிக்கு இனயத்திலிருந்து கிளம்பினோம். வழியில் சாயாக் கடை திறந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியெல்லாம் இறக்கி, வாசல் திறந்து, முதல் தேனீ கொழுந்தைப் பார்க்கப் பறந்த பிறகுதான் சாயா குடித்தோம்.

உங்கள் வண்டியையும் இந்த வாரமே ஒரு தடவை திறந்து பாருங்கள்.